பதினொன்றில் ஒன்பது

ஹூப்ளி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை சாண்ட்ரா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு இந்த வாரம் முழுக்க ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரண்டாவது ஷிப்ட், அதனால் வீட்டில் சண்டை இல்லை. உன் காது எப்படி இருக்கிறது? மெஷினை மாட்டிக்கொள்கிறாயா இல்லையா? ஜானட் அண்ணி போனில், "உங்க அண்ணன் மிஷின பீரோவுல வெச்சி பூட்டிட்டாரு. இப்போ பீரோவுக்கு நல்லா காது கேட்டுகினு கீது" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. ஆனால் சிரிக்கிற விஷயமா அண்ணா? பத்தொன்பது வருடமாகச் சாத்தாங்காட்டு இரும்பு யார்டில் பிளேட் விழுகிற சத்தம், அது காதைத் தின்னாமல் விடுமா? மாட்டிக்கொள்.

உறையைப் பார்த்துப் பிரி. உள்ளே காலண்டர் அட்டையில் வெட்டிய ஏழு துண்டுகள். ஒரு விதமாக அடுக்கினால் ஆறு முனை நட்சத்திரம். இன்னொரு விதமாக அடுக்கினால் சரியான சதுரம். நடுவில் இடுக்கு விழக்கூடாது, ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. ஜூன், ஜூலை இரண்டு மாதம் இதற்குப் போயிற்று. தைக்க வந்த ரவிக்கைகள் எல்லாம் அப்படியே கிடக்க, நான் பாட்டுக்கு அட்டையை வெட்டிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது பட்டென்று விளங்கியது. ஒரு காலில் செருப்போடு உட்கார்ந்து வெட்டினேன். கடைசித் துண்டு உள்ளே இறங்கும்போது ஒரு சத்தம் வருமே! அட்டைக்கு ஏது சத்தம் என்று இவர் கேட்கிறார். உனக்கும் எனக்கும் கேட்கும், போதும்.

போட்டோ பிடித்துப் போனில் அனுப்பு என்கிறாள் என் பெண். தொட்டுப் பார்க்காமல் என்ன புதிர்? உனக்குப் போனில் பேசினால் காதில் விழாது. எனக்கு உன்னை விட்டால் இதைப் பேச ஆள் கிடையாது. அதனால் தபால்தான்.

சீக்கிரம் முடித்துவிடாதே. கொஞ்சம் திணறு.

உன் தங்கை,
சாண்ட்ரா


ராயபுரம்
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதமும் நட்சத்திரமும் வந்தன. இங்கே கடவுள் கிருபையால் குறையொன்றும் இல்லை. முழங்காலுக்குத் தைலம் போடு, மாடிப்படி ஏறாதே.

துண்டுகளை யார்டுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் பிளேட் அடுக்கின் மேல் பரப்பி வைத்துப் பார்த்ததில் சதுரம் வந்துவிட்டது, நட்சத்திரம் வரவில்லை. பீம்ராவ் என்று ஒருவன், எங்கள் யார்டில் கேஸ் கட்டிங் செய்பவன், காலடிப்பேட்டையிலிருந்து வருகிறான். டீயோடு வந்து பக்கத்தில் நின்றான். டீ ஆறுவதற்குள் இரண்டையும் போட்டுவிட்டான்.

போட்டுவிட்டு, "அண்ணே, இன்னாத்துக்கு ஏயு துண்டு? ஆறு போதுமே" என்றான். பிஸ்கட் டப்பா அட்டையில் வெட்டியும் காட்டினான். ஆறு துண்டில் இரண்டும் வருகின்றன. எண் போட்டு, நட்சத்திரமாகத் தாளில் ஒட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

அண்ணன்,
அம்புரோஸ்


ஹூப்ளி
20 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு,

சுகம். சந்தோஷப்படுவேனா? நல்ல ஆள் நீ!

பீம்ராவ் என்று ஒருவராம். டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டாராம். என்ன டீ அண்ணா அது, கல்யாண வீட்டு அண்டா டீயா? இரண்டு மாதம் நான் மண்டையை உடைத்துக்கொண்டது அந்த ஆளின் டீ நேரத்துக்குத்தானா? உனக்கு அனுப்பினேன். உனக்கு மட்டும். பந்தியில் வைத்துப் பரிமாறு என்று சொன்னேனா?

அந்த ஆறு துண்டையும் பார்த்தேன். நாலாவது கவிழ்ந்து கிடக்கிறது. மற்ற ஐந்திலும் பிஸ்கட் படம் மேலே, இதில் மட்டும் பழுப்பு அட்டை மேலே. புரட்டிப் போட்டால் ஆறு என்ன, அரையிலும் முடிக்கலாம். அது கள்ள ஆட்டம். ரவிக்கை தைக்கிறவளிடமா துணியின் நல்ல பக்கம் கெட்ட பக்கம் காட்டுகிறார் அவர்? உறையைப் பிரித்ததும் கண்ணில் பட்டுவிட்டது.

எனக்கு வயிறு எரிகிறது என்று நினைத்தால் நினைத்துக்கொள். எரியத்தான் செய்கிறது. மோர் குடித்தும் அடங்கவில்லை.

சாண்ட்ரா


ராயபுரம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

இன்று மாதா பிறந்த நாள். பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். உனக்காக ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன், வயிற்றெரிச்சலுக்கும் சேர்த்து.

புரட்டலாமா என்று அவன் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்தான். தாராளமாகப் புரட்டு, அட்டைக்கு முகம் ஏது என்று சொன்னது நான்தான். தப்பு என்னுடையது.

பீம்ராவைப் பற்றி நீ வேறு மாதிரி நினைக்கிறாய். வயது முப்பத்தைந்து. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கிரேனுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலைக்கு வந்து, பார்த்துப் பார்த்தே கட்டிங் கற்றுக்கொண்டவன். காது கேட்காததால் யார்டில் எல்லோரும் என்னிடம் கத்துவார்கள். அவன் கத்துவதில்லை. பாக்கெட்டில் ஒரு சாக்பீஸ் வைத்திருக்கிறான். சொல்ல வேண்டியதை பிளேட்டில் எழுதிக் காட்டிவிட்டு, கையால் அழித்துவிடுவான்.

ஆர்டரில் கேட்கிற துண்டுகளை ஒரு பிளேட்டுக்குள் அடக்கி, கழிவு விழாமல் கோடு போடுவது இத்தனை வருடமும் என் வேலையாக இருந்தது. நேற்று மாசானம் முதலாளி அவனைக் கூப்பிட்டு ஒரு பிளேட்டுக்கு மார்க்கிங் போடச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல வெயில். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன்.

ஜானட் உன்னை விசாரித்தாள்.

அம்புரோஸ்


ஹூப்ளி
17 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெயிலில் நிற்காதே, தொப்பி போட்டுக்கொள். எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. அவர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

போன கடிதத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைக்காதே. உனக்கு அங்கே ஒரு தோஸ்து கிடைத்தது நல்லதுதான். எழுதிக் காட்டுகிறாராமே! நான் உன் கூடவே வளர்ந்தவள். நீ கேட்காமல் முழித்தால், "செவிடா செவிடா" என்று கத்துவேன். எனக்கு ஒரு சாக்பீஸ் எடுக்கத் தோன்றவில்லை பார். அதையும் அவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இத்துடன் ஒன்பது துண்டுகள் இருக்கின்றன. தாளில் ஒரு சதுரம் வரைந்திருக்கிறேன். அதற்குள் ஒன்பதையும் இடுக்கு இல்லாமல் நிரப்ப வேண்டும். புரட்டக்கூடாது. அவரிடமே நேரே கொடு. நான் அரை மணி நேரத்தில் போட்டுவிட்டேன் என்று சொல். மறக்காமல் சொல்.

சாண்ட்ரா


ராயபுரம்
12 அக்டோபர் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் உன் ஒன்பது துண்டுகள்தான். இரண்டு வாரம் பீம்ராவ் அதோடேயே கிடந்தான். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் மடியில் அட்டையைப் பரப்பி வைத்துக்கொண்டு, இறங்குமிடம் தாண்டி எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறான்.

போன சனிக்கிழமை ஒரு காரியம் செய்தான். உன் ஒன்பது துண்டையும் தகரத்தின் மேல் வைத்து வரைந்து வெட்டினான். அதே தகரத்தில் உன் சதுரத்தையும் வெட்டினான். இரண்டையும் தனித்தனியாகத் தராசில் வைத்தான். எங்களுக்கு அளவு என்றால் எடைதானே. ஒன்பதும் சேர்ந்து சதுரத்தைவிட எடை குறைவு. எப்படி அடுக்கினாலும் நிரம்பாது.

நான் உன் முகத்தை நினைத்துக்கொண்டேன். அவனோ, "பாவம் அண்ணே, அக்கா அவசரத்துல ஒரு துண்டு வெக்க மறந்துட்டாங்க போலக்கீது. கேட்டா மனசு கஷ்டப்படுவாங்க, கேக்காதீங்க" என்று எழுதிக் காட்டினான். நான் கேட்கவில்லை.

வேறு விஷயம். காசிமேட்டுக்காரர் ஒருவர் இரும்பில் விசைப்படகு கட்டுகிறார். என்ஜின் அறைக்குத் தரை போட வேண்டும். படகு குறுகிக்கொண்டே போவதால் பதினோரு துண்டும் கோணல்மாணல், ஒன்றைப் போல ஒன்று இல்லை. எல்லாம் செக்கர் பிளேட். கால் வழுக்காமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் புடைப்புப் புடைப்பாக இருக்குமே, அது. என் கணக்குக்கு ஒரு பிளேட் போதவில்லை, இரண்டாவது ஒன்று வரவழைக்க வேண்டியிருந்தது. பீம்ராவ் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து ஒன்றிலேயே அடக்கிவிட்டான். முதலாளி அவன் முதுகில் தட்டி, "இது மட்டும் நல்லபடியா அமையட்டும்லே, இனிமே மார்க்கிங் உன் கையிலதான்" என்றார். எனக்கு என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்றில் பிளேட்டின் மேல் துண்டுகளை அடுக்கியிருக்கும் விதம், இன்னொன்றில் படகுக்குள் அவை உட்கார வேண்டிய விதம். ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டிருக்கிறேன். தீபாவளி, கல்லறைத் திருநாள் எல்லாம் முடிந்து நவம்பர் 4 திங்கட்கிழமை வெட்டு. அதற்குள் பார்த்து எழுது. கட்டாயம் எழுது.

அம்புரோஸ்


ஹூப்ளி
22 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. முழங்கால் முனகுகிறது, மற்றபடி சௌக்கியம். ஒரு துண்டு வைக்க மறந்தது என் தவறுதான். கண்ணாடி மாற்ற வேண்டும்.

இரண்டு தாளையும் பார்த்தேன். அழகு. ஒன்றும் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. மூன்றின் மூக்கை ஐந்தின் இடுப்பில் சொருகியிருக்கிறாரே, எனக்கு அது தோன்றியிருக்காது. ஆறு தனியாக முழிக்கும் என்று நினைத்தேன். ஏழும் எட்டும் அதைக் கையைப் பிடித்து நடுவில் இழுத்துக்கொண்டன. பத்தும் பதினொன்றும் ஓரத்து மிச்சத்தில் அப்படியே படுத்துவிட்டன. கெட்டிக்காரர்தான். என் பாராட்டைச் சொல்.

தீபாவளிக்கு அண்ணி யாருக்காவது பலகாரம் செய்கிறாளா? போன வருடம் பக்கத்து வீட்டுக்குச் செய்த முறுக்கில் எனக்கு ஒரு டப்பா வந்தது. இந்த வருடமும் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சாண்ட்ரா


ராயபுரம்
12 நவம்பர் 2024

தங்கச்சிக்கு,

உடம்புக்கு எல்லோரும் பரவாயில்லை.

திங்கட்கிழமை வெட்டினோம். புதன்கிழமை காசிமேட்டில் படகுக்குள் இறக்கினார்கள். ஒன்பது துண்டு கச்சிதமாகப் பொருந்தியது. நாலும் ஒன்பதும் பொருந்தவில்லை. இரண்டும் இடம் வலமாக மாறி, மறுகைக்கு வெட்டுப்பட்டுவிட்டன. புரட்டினால் பொருந்துகின்றன. ஆனால் புரட்டினால் புடைப்பு அடியில் போய்விடுகிறது, வழுவழுப் பக்கம் மேலே வருகிறது. எண்ணெய் சிந்துகிற இடத்தில் வழுவழுத் தரையை எவன் வாங்குவான்? படகுக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அதே அளவுக்கு வேறு பிளேட் வந்து சேர்வதற்குள் தவணை தப்பி, ஆர்டர் கைமாறிப் போனது.

அட்டையில் புரட்டிப் புரட்டிப் பழகிய கை. செக்கர் பிளேட்டில் அவன் மார்க்கிங் போட்டது இதுதான் முதல் தடவை. முதலாளி எல்லோர் முன்னாலும் பேசினார். நான் எழுதக் கூடிய வார்த்தைகள் இல்லை. பீம்ராவை மார்க்கிங்கும் வேண்டாம், கட்டிங்கும் வேண்டாம் என்று பழையபடி கிரேனுக்குச் சங்கிலி மாட்ட அனுப்பிவிட்டார். யார்டில் அவனுக்கு, 'கவுத்த பீமு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சாக்பீஸ் மறுபடி என் கைக்கு வந்துவிட்டது.

அம்புரோஸ்


ஹூப்ளி
8 டிசம்பர் 2024

அண்ணா,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

எனக்குத் தெரியும்.

உன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாலும் ஒன்பதும் கவிழ்ந்து கிடந்தன. ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே கைக்கு வெட்டி வைத்தது மாதிரி. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட தப்பு அது, எனக்கா தெரியாது? செக்கர் பிளேட் என்று நீ எழுதியிருந்தாய். புடைப்பு ஒரு பக்கம் மட்டும் என்றும் எழுதியிருந்தாய். அப்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "மாட்டிக்கினான்" என்று வந்தது. இத்தனை வருடம் கழித்து ராயபுரத்துப் பேச்சிலேயே வந்தது.

அண்ணி நம்பர் எனக்கு மனப்பாடம். ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. பேனாவை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாராட்டிக்கொண்டே வந்து நாலைத் தாண்டினேன். தாண்டும்போது எவ்வளவு சுகமாக இருந்தது அண்ணா! நட்சத்திரத்தை முடித்த அன்றுகூட அப்படி இல்லை.

அந்த மனிதர் என்ன செய்தார் எனக்கு? என் ஏழு துண்டை ஆறாக்கினார். நான் வேண்டுமென்றே குறைத்து வெட்டி அனுப்பிய துண்டுகளுக்கு, அக்கா மறந்துவிட்டாள் என்று எனக்காகச் சாக்குச் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. என்னைத் திட்டியிருந்தால் நான் போன் போட்டிருப்பேனோ என்னவோ.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அட்டை, படகு, புடைப்பு என்று நான் விளக்கியது அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். ஒரு மனிதனின் பிழைப்புக்கு மூன்றா என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீ முதலாளியிடம் ஏதாவது சொல்லி அவருக்குப் பழைய வேலையாவது கிடைக்கச் செய். என் பேரை மட்டும் எடுக்காதே அண்ணா. அவருக்குத் தெரிய வேண்டாம்.

சாண்ட்ரா


காலடிப்பேட்டை
10 டிசம்பர் 2024

சாண்ட்ரா அக்காவுக்கு வணக்கம்.

நான் பீம்ராவ் எழுதறது. எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கம் இல்ல, பேசற மாதிரியே எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க, மாமா, கொயந்த எல்லாம் சவுக்கியமா கீறீங்களா? நான் சவுக்கியமா கீறேன். சங்கிலி மாட்டி மாட்டி தோள்பட்ட கொஞ்சம் பேஜாரு பண்ணுது, அவ்ளோதான்.

அட்ரஸ் அம்புரோஸ் அண்ணன் உறைலேர்ந்து எடுத்தேன். அண்ணன் ஒரு மாசமா யாருகிட்டயும் பேசறதில்ல. என்னால அவருக்கும் அசிங்கமாப் போச்சேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல. தப்பு என்னுது அக்கா. செக்கர் பிளேட்டுக்கு மூஞ்சி ஒரு பக்கம்தான்றத மறந்துட்டேன்.

அண்ணன் சொன்னாரு, மழைல தபாலு லேட்டாயி உங்க லெட்டரு வெட்டுக்கு அப்பாலதான் வந்துச்சாம். அத்த கேட்டப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. நாலு நாள் முன்னாடி வந்திருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. நட்சத்திரத்துல ஒண்ணு கவுந்து கெடந்தத உறையப் பிரிச்சதும் சொன்னவங்களாச்சே நீங்க. அண்ணன் அத்தப் படிச்சிக் காட்டனாரு. மெய்யாலுமே சொல்றேன், எங்க யார்டுல அந்தக் கண்ணு யாருக்கும் கெடையாது.

புதுசா ஒண்ணு வந்தா அனுப்புங்க அக்கா. இங்க எல்லாரும் சிரிச்சிகினு கீறாங்கோ. கைல ஒரு புதிர் இருந்தா அந்தச் சத்தம் எனக்குக் கேக்காது.

பீம்ராவ்


ராயபுரம்
2 ஜனவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் மூவருக்கும் புது வருடம் நல்லதாக இருக்கட்டும். உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. உடனே எழுத முடியவில்லை.

நீ ஒப்புக்கொண்டதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. உன் அக்டோபர் கடிதம் வெட்டுக்கு ஆறு நாள் முன்பே வந்துவிட்டது. தபால் தாமதம் என்று பீம்ராவிடம் சொன்னது பொய். பதினொன்றில் ஒன்பதைப் பாராட்டியிருந்தாய். பித்தானைக்கூட எண்ணிப் போடுகிறவள் நீ. எந்த இரண்டை விட்டாய் என்று பார்த்தேன். நாலும் ஒன்பதும்.

ஏன் பார்த்தேன் என்று நீ கேட்க வேண்டும். எனக்கும் தெரியும் தங்கச்சி. உனக்கு முன்பே தெரியும். அவன் அந்த அட்டைகளை அடுக்கிக் காட்டிய அன்றே தெரியும். எண் எழுதிய பக்கம் இரண்டில் அடியில் இருந்தது. பத்தொன்பது வருடம் கோடு போட்டவனுக்கு அது தெரியாமல் போகுமா? முதலாளி அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

உனக்கு ஏன் அனுப்பினேன்? நீ எழுதினால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும், என் கை கட்டப்பட்டுவிடும், அதற்காகத்தான் அனுப்பினேன். நீ சொல்லாமல் விட்டாய். எனக்குக் கோபமா வந்தது? நிம்மதியாக இருந்தது. தங்கச்சியும் நம்ம கட்சிதான் என்று கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அந்த நாலாவது அட்டை நகராமல் பிளேட்டின் மேல் அழுத்திப் பிடித்தது என் கை. அவன் சுற்றிக் கோடு போட்டான்.

பேரை எடுக்காதே என்று எழுதியிருந்தாய். எடுத்துவிட்டேன். என்னுடையதைச் சொல்லி உன்னுடையதை மறைத்தால், மறுபடியும் பாதிதான் சொன்னதாக ஆகும். 30ஆம் தேதி முதலாளி மேசைக்கு முன்னால் பீம்ராவையும் நிற்க வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். "வயசுக்கேத்த வேலையாவே நீரு பாத்தது?" என்றார் முதலாளி. மார்க்கிங் பீம்ராவுக்கு. நான் எடை மேடையில் லாரி எண் எழுதுகிறேன்.

பீம்ராவ் என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். வெளியே வந்து, பக்கத்திலிருந்த பிளேட்டில், "அக்காவுக்கும் தெரியுமா?" என்று எழுதினான். உள்ளே நான் சொன்னதை அவன் நம்பவில்லை போலிருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். எழுதியதை அழிக்காமல் அவன் போய்விட்டான்.

இப்போது அவன் எனக்கு எதையும் எழுதிக் காட்டுவதில்லை. எல்லோரையும் போலக் கத்துகிறான்.

ஜானட்டிடம் சொல்லிவிட்டேன். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
அம்புரோஸ்


ஹூப்ளி
9 ஜனவரி 2025

பீம்ராவ் அவர்களுக்கு,

அம்புரோஸ் அண்ணனின் தங்கை சாண்ட்ரா எழுதுவது. உங்கள் தோள்பட்டை வலி இப்போது குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. தினமும் படிக்கிறேன். யார்டில் யாருக்கும் இல்லாத கண் எனக்கு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்பது துண்டு அனுப்பினேனே, அதுவும் மறந்து அனுப்பியது இல்லை. உங்களைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்றே குறைத்து வெட்டினேன். அதை அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்பத்து நாலு வயதாகிறது. தையல், சமையல், ஞாயிற்றுக்கிழமை பூசை. இவற்றுக்கு நடுவில் எனக்கு நானே கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்ள ஒரே ஒரு இடம் இருந்தது. நீங்கள் டீ கிளாஸோடு அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். எழுந்து போகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். ஆனால் ஆகஸ்ட் மாதமே எழுதியிருக்க வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த நட்சத்திரத்துக்கு ஏழு துண்டு தேவையில்லை, ஆறு போதும். நாலாவதைப் புரட்ட வேண்டும் என்பது எனக்கு இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

சாண்ட்ரா